குதிரைச் சேணம்: வாங்குவதும் பராமரிப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சென்னையில், ஈ.சி.ஆர். பக்கம் இருக்கும் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் பல வருடமாகச் சேண அறை என் பொறுப்பு. காலையில் சேணங்களை எடுத்துக் கொடுப்பேன். வகுப்பு முடிந்ததும் வாங்கித் துடைத்து வைப்பேன். தையல் விட்டிருந்தால் ஆளைத் தேடிப் போய்த் தைத்து வாங்கி வருவேன். அதனால் மாணவர்கள், பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர், புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் எல்லோரும் சேணம் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். முதலிலிருந்தே படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

1. சேணம்னா குதிரை கண்ணுக்குப் பக்கத்துல கட்டுவாங்களே, அதுதானே?

இல்லை. கண்ணோரம் கட்டுவது கண்பட்டை. வாயில் இரும்புத் துண்டு வைத்துத் தலையில் மாட்டுவது கடிவாளம். முதுகில் வைத்து நாம் உட்காருவதுதான் சேணம். நேரே மட்டும் பார்த்துப் போகிறவரைச் "சேணம் கட்டின குதிரை மாதிரி", "கடிவாளம் கட்டின குதிரை மாதிரி" என்று சொல்லிச் சொல்லி மூன்றும் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

பாகங்களின் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சேணத்துக்கு உள்ளே மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு சட்டம் இருக்கிறது. அதை 'ட்ரீ' என்பார்கள். முன்னால் வளைந்து எழுந்திருப்பது முன்மேடு, பின்னால் எழுந்திருப்பது பின்மேடு. அடியில் முதுகைத் தொடும் இரண்டு மெத்தைகள், அவற்றுக்கு நடுவில் நீளமாக ஒரு பள்ளம். வயிற்றைச் சுற்றிக் கட்டுவது கர்த். கால் வைப்பது ஸ்டிரப், நல்ல தமிழில் அங்கவடி. அதைத் தொங்கவிடுவது ஸ்டிரப் வார்.

2. தீவுத்திடல் மன்றோ சிலையில சேணமே இல்லையே. அப்ப சேணம் இல்லாமலும் ஓட்டலாம்தானே?

பிள்ளைகள் கேட்கிற கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. சர் தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக இருந்தவர். பிரான்சிஸ் சான்ட்ரி செய்த அந்த வெண்கலச் சிலையை 1839-இல் இங்கே நிறுவினார்கள். அதில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை ஊரில் உண்டு.

சேணம் இல்லாமல் ஓட்டலாம். நாங்களே கொஞ்சம் தேறிய மாணவர்களைப் பத்து நிமிடம் அப்படி ஓட்டச் சொல்வோம், உடல் சமநிலை பழகும். ஆனால் வெறும் முதுகில் உட்கார்ந்தால் நம்முடைய எடை முழுவதும் இரண்டு இடுப்பெலும்பு முனைகள் வழியாக ஒரே இடத்தில் இறங்கும். நல்ல சேணம் அந்த எடையை முதுகெலும்பின் மேல் விழாமல் இரண்டு பக்கத் தசைகளிலும் பரப்பிக் கொடுக்கும். சேணம் என்ற ஒன்று இருப்பதே அதற்காகத்தான். மோசமான சேணமோ வெறும் முதுகைவிட மோசம், ஏனென்றால் அது ஒரே இடத்தைக் குறிபார்த்து அழுத்தும்.

3. கிளாஸ்ல சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு. சொந்தமா ஒரு சேணம் வாங்கிடட்டுமா?

வேண்டாம். சொந்தக் குதிரை இல்லாதவர் சேணம் வாங்குவது, யார் காலுக்கு என்று தெரியாமல் செருப்பு வாங்குவது போல. பள்ளியில் இன்றைக்கு ஒரு குதிரை, நாளைக்கு வேறு குதிரை. அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும், ஒரு அங்குலம் குதிகால் வைத்த, கணுக்கால் மூடிய ஷூவும் வாங்குங்கள். ஆசை அடங்கவில்லை என்றால் உங்கள் அளவுக்கு ஒரு ஜோடி ஸ்டிரப் வார். அதை எந்தச் சேணத்திலும் மாட்டலாம்.

4. எத்தனை வகை இருக்கு? எனக்கு எது?

பொதுப் பயன்பாட்டுச் சேணம் (ஜி.பி. என்பார்கள்), தடை தாண்டுவதற்கானது, டிரஸாஜ் என்கிற நடைப் பயிற்சிக்கானது, நெடுந்தூரச் சவாரிக்கானது, மாட்டுப் பண்ணைக்காரர்களின் வெஸ்டர்ன் சேணம். பந்தயக் குதிரை மேல் பார்ப்பது தனி ரகம். அதன் எடையைக் கிராமில்தான் பேசுவார்கள். ஜாக்கி அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எடை மேடையில் ஏறுவார். வெஸ்டர்ன் சேணமோ 15 கிலோவைச் சுலபமாகத் தாண்டும்.

முதல் சேணம் என்றால் ஜி.பி. போதும். தாண்டும் சேணத்தில், நம் கால் படிகிற பக்கத் தோல் முன்னால் வளைந்திருக்கும், ஸ்டிரப்பைக் குட்டையாக வைத்து முழங்காலை முன்னே மடக்குவதற்காக. டிரஸாஜ் சேணத்தில் அது நேராகக் கீழே இறங்கும். ஜி.பி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது. வெஸ்டர்ன் பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊர் மே மாதத்தில் அந்தக் கனத்தையும் சூட்டையும் ஒரு குதிரை மேல் ஏற்ற எனக்கு மனம் வராது.

5. நான் 17 வாங்கணுமா, 17½ வாங்கணுமா?

இந்த எண் உட்காருகிறவருக்கானது. முன்மேட்டின் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் ஆணி இருக்கும். அதிலிருந்து பின்மேட்டின் நடு விளிம்பு வரை நேராக டேப் பிடித்தால் வருகிற அங்குலம்தான் அது. பெரியவர்களுக்கு 16½ முதல் 18, சிறுவர்களுக்கு 15, 16 என்று வரும். உயரத்தைவிடத் தொடை நீளம்தான் இதை முடிவு செய்கிறது. உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குப் பின்னால் பின்மேடு வரை நாலு விரல் இடம் இருக்க வேண்டும். முழங்கால் பக்கத் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. சேணம் நமக்கு அரை அங்குலம் பெரிதாக இருந்தால் நமக்குக் கொஞ்சம் அசௌகரியம், அவ்வளவுதான். குதிரைக்குச் சேரவில்லை என்றால் அதன் முதுகு போய்விடும். ஆகவே முதலில் அடுத்த கேள்வி.

6. குதிரைக்குச் சரியா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குதிரையைச் சமதரையில் நான்கு காலும் சதுரமாக நிற்கும்படி நிறுத்துங்கள். விரிப்பு எதுவும் வேண்டாம், வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள். பிடரி முடிகிற இடத்தில் தோள்களுக்கு மேலே ஒரு மேடு இருக்கும், அதை விதர்ஸ் என்பார்கள். சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, முடி படிகிற திசையில் பின்னால் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் அதுவாக நிற்கும். அதற்கு மேல் தள்ளாதீர்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தால் தெரியும், சட்டத்தின் முனை அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். பலர் தோளின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். அப்புறம் குதிரை அடி குட்டையாக வைக்கிறது, சோம்பேறி என்று அதற்குத் திட்டு விழுகிறது.

இனி கையை நம்புங்கள். முன்மேட்டுக்கும் விதர்ஸுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் இடைவெளி மிஞ்ச வேண்டும். பின்னாலிருந்து நடுப்பள்ளத்துக்குள் பாருங்கள், கடைசி வரை வெளிச்சம் தெரிய வேண்டும். பள்ளத்தின் அகலம் மூன்று நான்கு விரல். அப்புறம் மெத்தைக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்து, முன்னாலிருந்து பின்னால் மெதுவாக நகர்த்துங்கள். அழுத்தம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் நல்லது. நடுவில் கை தாராளமாகப் போய் இரண்டு முனையிலும் இறுகினால், சேணம் பாலம் மாதிரி இரண்டு முனையில் மட்டும் நிற்கிறது என்று பொருள். நடுவில் மட்டும் இறுகி முன்னும் பின்னும் ஆடினால் அது வேறு கோளாறு, நாற்காலிக்கு ஒரு கால் குட்டையான மாதிரி.

கடைசி விலா எலும்பைத் தேடி, அதிலிருந்து மேலே முதுகு வரை ஒரு கோடு மனதில் போடுங்கள். சேணத்தின் மெத்தை அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. அதற்குப் பின்னால் இடுப்பு, அங்கே எடையைத் தாங்க விலா எலும்பு கிடையாது. முதுகு குட்டையான குதிரைகளில் இது ரொம்ப இடிக்கும். உங்களுக்கு 18 வேண்டும், குதிரை 17-க்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் குதிரை சொல்வதுதான் முடிவு.

7. கொஞ்சம் இறுக்கமா இருக்கு. கீழ தடிமனா ஒரு பேட் போட்டா சரியாயிடும்ல?

கடிக்கிற ஷூவுக்குள் இன்னொரு சாக்ஸ் போட்டால் கடி குறையுமா? இன்னும் இறுகும். தடிமனான பேட் அகலமான சேணத்தைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிக்க உதவும், குறுகலான சேணத்துக்கு உதவாது.

எந்த விரிப்புப் போட்டாலும், கர்த் கட்டும் முன் அதன் நடுப்பகுதியை மேலே இழுத்து முன்மேட்டின் பள்ளத்துக்குள் தூக்கி விடுங்கள். இல்லையென்றால் அது விதர்ஸ் மேல் இறுகி, சேணம் செய்யாத புண்ணை அது செய்யும்.

8. ஓட்டி முடிச்சதும் முதுகுல ரெண்டு இடம் மட்டும் வேர்க்கவே இல்ல. நல்லதுதானே?

நல்லதல்ல. எங்களிடம் ஒரு செவலைப் பெண் குதிரை இருந்தாள், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவள். ஒரு ஜூன் மாதக் காலை வகுப்பு முடிந்து சேணத்தை இறக்கினேன். முதுகு முழுக்க நனைந்து கறுத்திருந்தது. விதர்ஸுக்குப் பின்னால், இரண்டு பக்கமும், உள்ளங்கை அளவுக்கு மட்டும் முடி உலர்ந்து படிந்து பளபளத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அங்கே இரண்டு விரலால் மெல்ல அழுத்தினேன். தோல் அலை மாதிரி நடுங்கியது, முதுகைக் கீழே இறக்கினாள், கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சட்டத்தின் முனைகள் சரியாக அந்த இடத்தில்தான் இறங்கியிருந்தன. அழுத்தம் அதிகமானால் அங்கே இரத்தம் ஓடாது, வியர்வைச் சுரப்பி வேலை செய்யாது. அதனால்தான் உலர்ந்த திட்டு.

உலர்ந்திருந்தாலே அழுத்தம் என்றும் முடிவு கட்ட வேண்டாம். சேணம் தொடாத இடமும் வேர்க்காமல் இருக்கலாம், நடுப்பள்ளத்துக்குக் கீழே எப்போதும் அப்படித்தான். அதில் முடி படியாமல் பஞ்சு மாதிரி நிற்கும், அழுத்தினால் குதிரை கண்டுகொள்ளாது. படிந்து பளபளத்து, தொட்டால் நடுங்கினால் அந்தச் சேணத்தை அந்தக் குதிரைக்கு மறுபடி போடாதீர்கள். நாங்கள் அவளுக்கு மூன்று வாரம் ஓய்வு கொடுத்து, அகலமான வேறு சேணத்துக்கு மாற்றினோம்.

9. வெள்ளையா முடி முளைச்சிருக்கு. வயசாயிடுச்சா?

சேணம் படுகிற இடத்தில் திட்டாக வெள்ளை முடி முளைத்தால் அது வயதல்ல, பழைய அழுத்தத்தின் தழும்பு. நிறம் கொடுக்கும் செல்கள் செத்துப் போனதால் அப்படி வளர்கிறது. பெரும்பாலும் திரும்பக் கறுக்காது. குதிரை வாங்கப் போகும்போது முதலில் நான் பார்ப்பது அதைத்தான். இப்போது வலி இருக்கிறதா என்பதை எட்டாம் பதிலில் சொன்ன மாதிரி அழுத்திப் பாருங்கள்.

10. செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது. எதைப் பார்க்கணும்?

சட்டத்தை. தோல் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், தையலைப் புதிதாகப் போடலாம். உள்ளே சட்டம் உடைந்திருந்தால் சேணத்தை மறந்துவிட வேண்டியதுதான். முன்மேட்டைத் தொடையில் அணைத்து, பின்மேட்டை உங்கள் பக்கமாக இழுங்கள். ஸ்பிரிங் வைத்த சட்டம் கொஞ்சம் வளைந்து திரும்பும், அது சரி. ஒரேயடியாக மடங்கினாலோ, உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டாலோ, இருக்கைத் தோல் குறுக்கே சுருங்கினாலோ வேண்டாம். முன்மேட்டின் இரண்டு காலையும் பிடித்து விரித்தும் நெருக்கியும் பாருங்கள், கொஞ்சமும் அசையக் கூடாது. கடைசியாக, பின்னால் நின்று நடுப்பள்ளத்தைக் கண்ணால் கோடு பிடியுங்கள். முறுக்கியிருந்தால் தெரிந்துவிடும்.

நானே ஒருமுறை படத்தைப் பார்த்து மட்டும் பணம் அனுப்பி ஏமாந்திருக்கிறேன். தோல் வெண்ணெய் மாதிரி இருந்தது. மேசையில் வைத்தபோது ஒரு பக்க மெத்தை மேசையைத் தொட்டது, மறுபக்கத்தில் ஒரு பென்சில் நுழைந்தது. விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து கையால் தொட்டுப் பார்க்காமல் பழைய சேணம் வாங்குவதில்லை.

11. கான்பூர்ல ஆர்டர் கொடுக்கலாம்ங்கிறாங்க. குதிரையை அங்க கொண்டு போகணுமா?

வேண்டாம், அளவை அனுப்பினால் போதும். நம் நாட்டில் சேணத் தொழிலின் தலைநகரம் கான்பூர்தான். அங்கத்திய சேணத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் அளவு எடுப்பது உங்கள் வேலை.

ஸ்டேஷனரிக் கடையில் வளைகிற ரப்பர் ஸ்கேல் கிடைக்கும். இல்லையென்றால் தடிமனான வயரிங் கம்பி போதும். தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், முதுகின் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் அழுத்தி வளையுங்கள். வடிவம் கலையாமல் எடுத்து அட்டையில் வைத்து வரையுங்கள். அதற்கு ஒரு சாண் பின்னால் இன்னொன்று, கடைசி விலா எலும்புக் கோட்டில் மூன்றாவது. பிறகு முதுகெலும்பின் நீளவாக்கில் ஒன்று. எது இடது, எது வலது என்று எழுத மறக்காதீர்கள். இரண்டு தோளும் ஒரே அளவாக இருக்கும் குதிரை அபூர்வம். வரைந்த அட்டையை வெட்டி மறுபடி முதுகில் பொருத்திப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். தேதியும் போடுங்கள், ஏன் என்பது 19-ஆம் கேள்வியில் வரும்.

12. நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தோல் நல்லதா, சிந்தெடிக் நல்லதா?

சேணத் தோல் பெரும்பாலும் மரப்பட்டைச் சாறு போட்டுப் பதனிடுவது. நம் தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த குரோம் தோல் வேறு, அது மெத்தென்று வளையும், தண்ணீரையும் கொஞ்சம் தாங்கும். பட்டையில் பதனிட்டது விறைப்பாக நின்று எடையைத் தாங்கும், பழகப் பழக வடிவத்துக்கு வரும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சணத்துக்கு ரொம்பப் பிடிக்கும்.

தினமும் கால் மணி நேரம் சேணத்துக்கு ஒதுக்குவீர்கள் என்றால் தோல் வாங்குங்கள், பல வருடம் கூட வரும். வாரத்துக்கு ஒருநாள்தான் லாயத்துக்குப் போவேன் என்றால் சிந்தெடிக் வாங்குங்கள், தயக்கமே வேண்டாம். வின்டெக் போன்ற சிந்தெடிக் பிராண்டுகளில் முன்மேட்டின் இரும்பு வளைவைக் கழற்றி வேறு அகலத்துக்கு மாற்றலாம். தண்ணீர் விட்டுக் கழுவி நிழலில் காய வைத்தால் போதும். சிந்தெடிக் சேணத்தைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். கவனிக்காமல் விட்டு வெடித்த தோல் சேணத்தைவிடக் குதிரைக்கு அது எவ்வளவோ மேல்.

13. தினமும் என்னென்ன செய்யணும்?

குதிரை வியர்வையில் உப்பு அதிகம். அது தோலில் காய்ந்து படிந்தால் தோல் வறண்டு வெடிக்கும். ஆகவே இறக்கிய உடனே, ஈரம் காயும் முன், நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் மெத்தைப் பக்கத்தைத் துடையுங்கள். அப்புறம் சேணச் சோப்பு. ஸ்பாஞ்சில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும், நுரை பொங்கினால் தண்ணீர் அதிகம். கர்த்தின் உட்பக்கம், வார்கள் மடியும் இடம், கொக்கிகளின் அடி, இந்த மூன்றையும்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். விரிப்பை ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் துவையுங்கள்.

துடைக்கும்போதே கண்ணும் வேலை செய்யட்டும். ஸ்டிரப் வாரின் தையலை நகத்தால் நெருடிப் பாருங்கள். நூல் தூக்கினால் அன்றைக்கே தனியே எடுத்து வையுங்கள். எல்லோரும் இடது பக்கமே ஏறுவதால் இடது வார் நீண்டுவிடும். மாதம் ஒருமுறை இடது, வலது மாற்றிப் போடுங்கள்.

14. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தடவாதீர்கள். தோல் கறுக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை வரும், அதிகமானால் தோல் தொளதொளத்து வார் நீளும், தையல் நூலும் பலம் இழக்கும். விளக்கெண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். தோலுக்கென்று விற்கும் கண்டிஷனரை மெல்லிசாக, மாதம் ஒருமுறை. நம் ஊர் ஈரத்தில் அதுவே அதிகம். விரலால் வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளைந்து, மேலே கோடு விழாமல் இருந்தால் அந்த மாதம் ஒன்றும் தேவையில்லை. ஷூ பாலிஷை இருக்கையில் போடவே கூடாது, வழுக்கும், உடுப்பிலும் ஒட்டும்.

15. தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்தேன், சேணம் பூரா பூஞ்சணம். தூக்கிப் போட்டுடட்டுமா?

பதறாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் எங்கள் சேண அறையிலேயே இரண்டு நாள் விட்டால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். முகமூடி போட்டுக்கொண்டு சேணத்தை வெளியே கொண்டு போங்கள். அறைக்குள் தட்டினால் அடுத்த சேணத்துக்கும் பரவும். காய்ந்த துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். நிறம் மாறுகிறதா என்று முதலில் மறைவான இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் ஒருநாள் காய வையுங்கள். வெயிலிலும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகுதான் சோப்பும் கண்டிஷனரும்.

திரும்ப வராமல் இருக்கக் காற்று வேண்டும். சுவரை ஒட்டாமல், ஒன்றோடொன்று இடிக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். மழை நாட்களில் ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துப் போர்த்துங்கள், இதைவிட நல்ல உறையை நான் பார்த்ததில்லை. ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்தில் யாரிடமாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

16. குதிரையைக் கடல்ல இறக்கினோம், சேணம் நனைஞ்சிடுச்சு.

அன்றைக்கே நல்ல தண்ணீரில் துடைத்து உப்பையும் மணலையும் எடுங்கள். நனைந்த தோலை நனைந்த ஸ்பாஞ்சால் துடைப்பதா என்று யோசிக்க வேண்டாம், உப்பு அதைவிடக் கெடுதல். ஸ்டிரப், கொக்கி எல்லாவற்றையும் கழற்றிக் கழுவுங்கள். கர்த்துக்கும் தோலுக்கும் நடுவில் மணல் இருந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரிதான், அரை மணி நேரத்தில் குதிரைக்குப் புண் வரும். கடற்கரைக்குப் போவதென்றால் சிந்தெடிக் எடுத்துப் போங்கள்.

17. கர்த் எவ்வளவு இறுக்கணும்? மூணு வார் இருக்கு, எந்த ரெண்டுல மாட்டறது?

கர்த்தை மாட்டச் சேணத்தின் பக்கத்தில் தொங்கும் மூன்று வார்களில், முன்னால் இருக்கிற முதல் வார் கட்டாயம். இரண்டாவதோ மூன்றாவதோ, உங்களுக்கு வசதியானது. காரணம் கேட்டால் மறக்க மாட்டீர்கள். முதல் வார் உள்ளே தனிப் பட்டையில் தைக்கப்பட்டிருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் ஒரே பட்டையில் இருக்கும். இரண்டையும் அதிலேயே மாட்டி அந்தப் பட்டை அறுந்தால் சேணம் மொத்தமாகச் சுற்றிக்கொண்டு போகும். முதல் வாரையும் சேர்த்தால் ஒன்று அறுந்தாலும் ஒன்று பிடிக்கும்.

ஒரேயடியாக இறுக்காதீர்கள். முதலில் லேசாக, இரண்டு நிமிடம் நடக்கவிட்டு ஒரு துளை, ஏறும் முன் ஒரு துளை, ஏறிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள். நான்கு விரலையும் தட்டையாக நுழைத்தால் இறுக்கமாகப் போக வேண்டும். முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துவிட்டால் கர்த்துக்குக் கீழே மடிந்த தோல் நேராகிவிடும். ஸ்டிரப் வார் தொங்கும் இரும்பின் முனையில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதை எப்போதும் திறந்தே வையுங்கள். விழுந்து கால் மாட்டிக்கொண்டால் வார் கழன்று வந்துவிட வேண்டும். ஸ்டிரப்பின் அகலமும் ஷூவைவிட ஒரு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

18. தெருமுனையில செருப்புத் தைக்கிறவர்கிட்ட கொடுக்கலாமா?

விரிப்பின் வார், பக்கத் தோலின் ஓரம் போன்றவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். எடை தாங்கும் இடங்கள், அதாவது கர்த் வார்கள், ஸ்டிரப் வார், இவற்றுக்குத் தையல் முறை முக்கியம். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராக நுழைத்து இழுப்பது சேணத் தையல். ஓர் இடத்தில் அறுந்தாலும் அடுத்த தையல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் ஓர் இடத்தில் விட்டால் கடகடவென்று பிரியும்.

பெரியமேட்டில் தோல் கடைகளுக்கு நடுவில் விசாரித்தால் கையால் தைக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் போகிறவர் மெழுகு தடவிய நூலை உதட்டில் கவ்விக்கொண்டு, வாரை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, பேச்சுக் கொடுத்தாலும் நிமிராமல் தைப்பார். பழைய துளைகளிலேயே தைக்கச் சொல்லுங்கள், புதுத் துளை போட்டால் வார் பலவீனமாகும். கம்பளி உரோமம் அடைத்த மெத்தை இறுகிக் கட்டி தட்டினால் அதைத் தெரிந்தவர்தான் பிரித்து அடைக்க வேண்டும். பஞ்சைத் திணித்துக் கொடுப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

19. போன வருஷம் கச்சிதமா இருந்த சேணம் இப்ப சேரலை. குதிரை வளருமா?

வளரும், இளைக்கும், தசை போடும். பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) பெரும்பாலும் விதர்ஸ் உயர்ந்து, முதுகு ஒடுங்கி வரும். ஆறு மாதம் நல்ல தீனியும் நிதானமான பயிற்சியும் கொடுத்தால் தோளுக்குப் பின்னால் இருந்த குழி நிரம்பி, ஆளே மாறிவிடும். அப்படிப்பட்ட குதிரைக்கு முதல் வருடம் விலை உயர்ந்த சேணம் செய்ய வேண்டாம், அகலம் மாற்றக்கூடியது போதும். எல்லாக் குதிரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆறாம் பதிலில் சொன்னதை மறுபடி செய்யுங்கள். பழைய அட்டையோடு புது அட்டையை ஒப்பிட்டால் எங்கே மாறியிருக்கிறது என்று தெரியும்.

20. நான் 95 கிலோ. நல்ல சேணம் போட்டா ஏறலாமா?

நீங்களும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 95 கிலோவோடு சேணம் 7 என்றால் 102. அதற்கு 510 கிலோவாவது உள்ள, ஆரோக்கியமான குதிரை வேண்டும். எந்தச் சேணமும் எடையைக் குறைக்காது, பரப்பத்தான் செய்யும்.

21. பீச்ல குதிரை சவாரிக்குப் போனோம். சேணத்துக்குக் கீழ புண்ணு. என்ன பண்றது?

ஏறாதீர்கள். புண் உள்ள பிராணியை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முடியும் என்றால் குதிரைக்காரரிடம் மரியாதையாகப் பேசிப் பாருங்கள். பலருக்கு அந்தக் குதிரை ஒன்றுதான் பிழைப்பு, வேண்டுமென்று செய்வதில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். புண் ஆறி, தோல் கெட்டியாகி, முடி முளைக்கும் வரை அந்த இடத்தில் எதுவும் படக் கூடாது. பேட்டில் புண் அளவுக்கு ஓட்டை போட்டு வைப்பார்கள், அதுவும் தப்பு. ஓட்டையின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, புண் பெரிதாகும்.

22. சேணத்தைத் தூக்கிட்டு வந்தாலே காதை மடக்குது, கடிக்க வருது. கொழுப்புதானே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, எப்போதிலிருந்து என்று. சேணத்தைப் பார்த்ததும் சிணுங்குகிறதா, கர்த் இறுக்கும்போது மட்டுமா, ஏறும்போது முதுகை இறக்குகிறதா? முதல் இரண்டும் என்றால் வயிற்றுப் புண் கூடக் காரணமாக இருக்கலாம். வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நிற்கும், அடர்தீவனம் அதிகம் தின்னும் குதிரைகளுக்கு அது சகஜம். அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது என்றால் முதுகும் சேணமும். 6, 8, 10, மூன்று பதில்களில் உள்ளதையும் வரிசையாகச் செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்து, இறுக்குகிற கைதான் முரட்டுத்தனம் என்றால் 17.

சேணத்தை மாற்றிய பிறகும் கொஞ்ச நாள் காதை மடக்கத்தான் செய்யும், ஏனென்றால் வலியை அது மறக்கவில்லை. எட்டாம் பதிலில் சொன்ன செவலைக்கும் அப்படித்தான். புதுச் சேணத்தை அவள் முன்னால் காட்டி, மோந்து பார்க்கவிட்டு, ஒரு கைப்பிடி புல் கொடுத்து, முதுகில் வைத்து உடனே எடுத்துவிடுவோம். கட்டவே மாட்டோம். பதினாறாவது நாள் வேட்டி போர்த்திய சேணத்தை எடுத்துக்கொண்டு போனேன். காது முன்னாலேயே நின்றது. வேட்டி நுனியைப் பல்லால் பிடித்து இழுத்தாள்.